மூன்றாம் முறை கேட்டால்தான்

மே 28, புதன்

நல்லதை முதலில் எழுதிவிடுகிறேன். மூத்த பேத்தி இசைவாணி பாங்கில் மேனேஜர் ஆகிவிட்டாள். முப்பது வயது இன்னும் முடியவில்லை. கோயம்புத்தூரில் ஆறாவது மாடியில் சொந்தமாக வீடு வாங்கியிருக்கிறாள், லிஃப்ட் வைத்த வீடு. பேரன் விசு கப்பலில் இன்ஜினீயர். போன வாரம் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து பேசினான், அங்கே இப்போது குளிர்காலமாம். சின்னவள் உமையாள் பல் டாக்டருக்குப் படிக்கிறாள், காலேஜில் மெடல் வாங்கியிருக்கிறாள். மூன்று பேரும் என் மகன் சங்கரனுக்குப் பிறந்தவர்கள். என் பேரப்பிள்ளைகள்.

இதை இவ்வளவு விளக்கமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. என் கொழுந்தன் பெண்டாட்டி உலகம்மாள் நேற்றுக் கோயிலில் யாரிடமோ "எங்க பிள்ளேள் எல்லாம் பெரிய வேலையில இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். அவளுக்குப் பிள்ளை கிடையாது. எங்கள் பிள்ளைகள் என்றால் எந்தப் பிள்ளைகள்?

இரண்டாவது சேதி, வீட்டை விற்பதென்று முடிவாகிவிட்டது. என் மாமனார் தென்காசியில் கட்டிய வீடு. அவர் போன பிறகு அண்ணன் தம்பி பாகம் பிரித்து நடுவில் சுவர் எழுப்பினார்கள். இந்தப் பாதியில் நான், அந்தப் பாதியில் உலகு. இப்போது அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. ஓடு ஒழுகுகிறது. மஸ்கட்டிலிருந்து சங்கரன் சொல்கிறான், ஆடி பிறந்தால் யாரும் வீடு வாங்க மாட்டார்கள், அதற்குள் கொஞ்சம் ரிப்பேர் பார்த்துக் கொடுத்துவிடுவோம் என்று.

உலகு தன் அண்ணன் மகனோடு சுரண்டைக்குப் போய்விடுவாள். எனக்கு, பாளையங்கோட்டையில் வயதானவர்கள் தங்குகிற நல்ல இடம் ஒன்று இருக்கிறதாம். "ஓட்டல் மாதிரி இருக்கும்மா" என்றான். பார்ப்போம் என்றேன்.

நான் எதற்கு அங்கே போகிறேன்? வாணி இருக்கிறாள்.

ஜூன் 1, ஞாயிறு

புரோக்கர் பரமசிவம் வந்தார். வீட்டை முன்னாலும் பின்னாலும் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒரு வீட்டுக்கு ரெண்டு வாசல், ரெண்டு அடுப்பங்கரை, நடுவுல ஒரு செவரு. பாக்க வாரவன் இத வீடும்பானா, வழக்கும்பானா? செவர எடுத்துட்டு கூடத்த ஒரே பட்டாசாலையா ஆக்குங்க ஆச்சி. அப்பத்தான் போகும்."

உலகு சிரித்தாள். அவளுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்புத்தான்.

பரமசிவத்திடம் காப்பி சாப்பிடுங்கள் என்றேன். "வேண்டாம் ஆச்சி, இப்பத்தான் குடிச்சேன்." மறுபடி கேட்டேன். "உங்களுக்கு எதுக்குச் செரமம்." மூன்றாம் தரம் கேட்டேன், உட்கார்ந்து குடித்தார். நல்ல குடும்பத்துப் பிள்ளை. கேட்டவுடனே கையை நீட்டுவது பசிக்கு வந்தவர்கள் செய்கிற காரியம் என்று எங்கள் அம்மா சொல்லுவாள். மூன்றாம் முறை கேட்டால்தான் கேட்டதாக அர்த்தம். உலகு என்ன செய்தாள்? நான் ஒப்புக்கு, "ஏட்டி உனக்கு?" என்று வாயெடுக்கும் முன்பே, "ஊத்துங்கக்கா" என்று டம்ளரோடு நின்றாள்.

ஜூன் 5, வியாழன்

சுவரை இடித்தாயிற்று. கொத்தனார் சுடலைமுத்து கடப்பாரையால் ஒரு போடு போட்டதும் பொலபொலவென்று விழுந்துவிட்டது. "ஒத்தச் செங்கல் செவரு ஆச்சி. அந்தப் பக்கம் தும்முனா இந்தப் பக்கம் நூறாயுசுன்னு சொல்லலாம்" என்றான்.

தூசி அடங்கிய பிறகு பார்த்தால், ஒரு பட்டாசாலையில் இரண்டு தரை. என் பக்கம் மொசைக். என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டுப் போட்டது. அவள் பக்கம் என் மாமனார் காலத்துச் சிவப்பு சிமெண்டுத் தரை, கண்ணாடி மாதிரி இருக்கிறது. தினமும் தேங்காய் எண்ணெய்த் துணியால் துடைப்பாளாம். இத்தனை வருஷமாக இதை ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை.

சுடலைமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு அவள் தரையில் நின்று, "முகம் தெரியுது சின்னாச்சி" என்றான். என் பக்கம் செருப்போடுதான் நடந்தான்.

ஜூன் 6, வெள்ளி

தரையைத் தேய்த்தேன். சோடா உப்பு, எலுமிச்சம்பழத் தோல் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. இடுப்பு பிடித்துக்கொண்டது. மொசைக் மொசைக்காகத்தான் இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

பூக்காரி கேட்டாள், "ஆச்சி, வீட்ட வித்துட்டு எங்க போவிய?" பேத்தி வீட்டுக்கு, கோயம்புத்தூருக்கு என்றேன். ஆறாவது மாடி என்றும் சொன்னேன். எதிர்வீட்டுக்காரியும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

சித்திரை மாதமே வாணி என்னைக் கூப்பிட்டுவிட்டாள். போனில், "ஆச்சி, வீட்டை வித்தப்புறம் என்கூட வந்திருங்களேன்" என்றாள். "எனக்கு எதுக்கும்மா அம்புட்டு ஒசரம்? நீ நல்லா இரு, அது போதும்" என்றேன். அப்படித்தானே சொல்ல வேண்டும். "சரி ஆச்சி, உங்க இஷ்டம்" என்றாள்.

இன்னும் இரண்டாவது தரம் கேட்கவில்லை. மேனேஜர் வேலை என்றால் சும்மாவா. மார்ச்சுக் கணக்கு, தணிக்கை என்று ஏதாவது இருக்கும்.

ஜூன் 13, வெள்ளி

வெளிச்சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்தது. உலகு தன் பாதிக்கு வெள்ளை போதும் என்றாள். வெள்ளை அடித்தால் வாங்க வருகிறவன் கண்ணில் என்ன படும்? என் பாதிக்கு மாம்பழ மஞ்சள் வாங்கிவரச் சொன்னேன். தெருமுனையிலிருந்தே பளிச்சென்று தெரிகிறது. உலகு வெளியே வந்து பார்த்தாள்.

"நல்லாருக்குக்கா. கல்யாண மண்டபம் மாதிரி."

இதைப் பாராட்டு என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

சாரல் பிடித்துவிட்டது. குற்றாலத்தில் அருவி விழுகிறதென்று ஊரே சந்தோஷப்படுகிறது. என் மஞ்சள் காயவில்லை. கரைந்து வழிந்து, சரியாக நடு வீட்டில் அவள் வெள்ளையின் மேல் ஓடியிருக்கிறது.

பரமசிவம் வந்து நின்று பார்த்தார். பிறகு, "ஆச்சி, உள்ள செவர எடுக்கச் சொன்னேன், எடுத்திய. இப்பம் வெளிய கட்டிட்டிய" என்றார். "ஆளு வந்து எந்தப் பாதி விலைக்குன்னு கேப்பான். மழை விட்டதும் முழுசுக்கும் ஒரே கலர் அடிங்க. எந்தக் கலருன்னு நான் சொல்லுதேன், நீங்க ரெண்டு பேரும் சொல்லாண்டாம்."

ஜூன் 22, ஞாயிறு

இன்று எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

மத்தியானம் பட்டாசாலையில் என் பக்கம் படுத்திருந்தேன். உலகு அவள் பக்கம் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசுவாள். முன்பு சுவர் இருந்தது. இப்போது இல்லை. ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

வாணி குரல். "சின்னாச்சி, சுரண்டைக்கெல்லாம் போக வேண்டாம். அந்த மாமா வீட்டுல இடமே கிடையாது. என்கூட வந்திருங்க. ரூம் சும்மாதான் கிடக்கு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வேண்டாம் என்பாள், எதற்கு உனக்குச் சிரமம் என்பாள் என்று பார்த்தேன்.

"சரித்தா, வாரேன்" என்றாள்.

ஒரே தரம் கேட்டதற்கு. மூச்சு விடுகிற நேரம்கூட யோசிக்கவில்லை. வெட்கம் என்று ஒன்று வேண்டாமா? என் பேத்தி. நான் பெற்ற பிள்ளையின் பிள்ளை. காய்ச்சல் என்றால் நான்தான் ராத்திரி முழுக்க விழித்திருந்தேன். லீவுக்கு வந்தால் பையை என் பக்கம் போட்டுவிட்டு நேரே அந்தப் பக்கம் ஓடுவாள், அது குழந்தைப் புத்தி என்று விட்டிருந்தேன்.

உலகு போனை வைத்துவிட்டு, "அக்கா, முழிச்சிருக்கியளா? காப்பி போடட்டா?" என்றாள். நான் குறட்டை விட்டேன்.

ஜூன் 23, திங்கள்

பட்டாசாலைப் பக்கம் போகவில்லை. பின்வாசல் வழியே போய்வந்தேன்.

ஜூன் 25, புதன்

குடும்ப வாட்ஸ்அப்பில் வாணி ஒரு படம் போட்டிருக்கிறாள். அவள் வீட்டு அறை. ஜன்னல் ஓரம் ஒரு கட்டில், மேலே பூப்போட்ட விரிப்பு, பக்கத்தில் சின்ன மேஜை. "சின்னாச்சி ரூம் ரெடி" என்று எழுதியிருந்தாள். சங்கரன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மை போட்டான். விசு இதயம் போட்டான். நானும் கும்பிடு போட்டேன். போடாவிட்டால் என்ன நினைப்பார்கள்.

அந்தக் கட்டில் அகலம் போதாது. படத்திலேயே தெரிகிறது.

ஜூன் 26, வியாழன்

சுடலைமுத்துவைக் கூப்பிட்டு, நடுச்சுவரைத் திரும்பக் கட்டச் சொன்னேன்.

"ஆச்சி, வெயிலு ஏதும் தலையில பட்டுட்டா? இப்பம்தான இடிச்சோம்?"

"இடிக்கச் சொன்னேன், இடிச்ச. கட்டச் சொல்லுதேன், கட்டு."

"எதுக்குன்னு கேட்டா?"

"ஊதக்காத்து வருது."

"அந்தப் பக்கத்துல இருந்தா?"

"ஆமா. அந்தப் பக்கத்துல இருந்துதான்."

உலகு அண்ணன் மகனைப் பார்க்கச் சுரண்டைக்குப் போயிருந்தாள். அவள் திரும்புவதற்குள் இடுப்புயரம் எழும்பிவிட்டது. வந்தவள் சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்தப் பக்கம் போய்த் துணியை எடுத்துத் தரையில் விழுந்த சிமெண்டைத் துடைத்தாள்.

ஜூன் 28, சனி

காலையில் பரமசிவம் முன்கூட்டிச் சொல்லாமல் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கணவன் மனைவி இரண்டு பேருமே வாத்தியார் வேலை. அந்த அம்மாள் உள்ளே வந்து, இடுப்புயரச் சுவரைப் பார்த்து, "இது என்ன, மாட்டுக்குத் தொட்டியா?" என்று கேட்டாள். அவள் வீட்டுக்காரர், "பாகத் தகராறு உள்ள வீடு எங்களுக்கு வேண்டாங்க" என்றார். போய்விட்டார்கள்.

பரமசிவம் என்னிடம், "இனிமே ஆடி முடிஞ்சி பாப்போம் ஆச்சி" என்று சொல்லிவிட்டுக் காப்பி கேட்கக்கூட விடாமல் கிளம்பினார்.

அவர் வண்டி தெருவைத் தாண்டியதும் உலகு சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

"எதுக்குக்கா இப்படிச் செஞ்சிய?"

"என் வீட்ல நான் செவரு கட்டுதேன். உனக்கென்ன? நீதான் மாடி வீட்டுக்குப் போறவளாச்சே."

"ஓ, அதுவா சங்கதி." அவள் சுவரின் மேல் கையை ஊன்றினாள். "அவ உங்களத்தான மொதல்ல கேட்டா? நீங்கதான வேண்டாம்னுட்டிய?"

"ஒரு தடவ கேட்டா ஓடிப்போயிருவாகளாட்டி? எனக்கு மானம் மருவாதி கெடையாதா? சொந்த ஆச்சிய வேற எப்படிக் கேக்கணும்? ரெண்டாம் தடவ கேக்கணும், மூணாம் தடவ கேக்கணும். அவ கேக்கலியே!"

"நான் சொன்னேம்லா அவகிட்ட, உங்க ஆச்சிய இன்னும் ரெண்டு தடவ கேளுடின்னு. அதுக்கு அவ என்ன சொல்லுதா தெரியுமா? 'வேண்டாம்னு ஒருத்தர் சொன்னா வேண்டாம்னுதான் அர்த்தம் சின்னாச்சி, திரும்பத் திரும்பக் கேட்டு அவங்களைத் தொந்தரவு பண்ணக்கூடாது'ன்னுட்டா. ஆபீஸ்ல இதுக்குன்னே பாடம் எடுக்காவளாம்."

பதில் வராதபோது வேறு கேள்வி கேட்டுவிட வேண்டும்.

"அது சரி. நீ எதுக்கு ஒரு தடவ கேட்டதும் சரின்ன? ரெண்டு தடவ பிகு பண்ணுனா கொறஞ்சா போயிருவ?"

உலகு சுவரின் மேலிருந்து கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"என்னைய எவ ரெண்டாம் தடவ கேப்பா?"

நான் அடுப்பங்கரைக்குள் போய்விட்டேன். பாலை அடுப்பில் வைத்ததும் பொங்கி வழிந்ததும் தெரியவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

சுடலைமுத்துவிடம் சுவரை எடுக்கச் சொன்னேன். அவன் காரணம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கடப்பாரை சத்தம் கேட்டு உலகு இரண்டு டம்ளர் காப்பி கொண்டுவந்தாள், ஒன்று அவனுக்கு, ஒன்று எனக்கு. வேண்டாம் என்றேன். "குடிங்கக்கா" என்றாள். வேண்டாம் என்றேன். மூன்றாவது தரமும் கேட்டாள். சர்க்கரை கூடுதல்.

ஜூலை 2, புதன்

மழை விட்டு வெயில் அடித்தது. முழு வீட்டுக்கும் ஒரே கலர் அடித்தார்கள். சந்தன நிறம், பரமசிவம் சொன்னது. பார்க்க ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது. யார் பாதி எது என்று எனக்கே வெளியிலிருந்து தெரியவில்லை.

ஜூலை 5, சனி

நான் பரமசிவம் வீட்டுக்கே போய், தகராறு ஒன்றும் இல்லை, நானும் உலகும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறோம் என்று சொல்லி அந்த வாத்தியார் தம்பதியை மறுபடி கூட்டிவரச் செய்தேன். இன்று வந்தார்கள். சிவப்புத் தரையைப் பார்த்து அந்த அம்மாள் ஆஹா என்றாள். எதிர்பார்த்ததுதான். ஆனால் அடுப்பங்கரை இரண்டில் எது வேண்டும் என்றதற்கு, என்னுடையதைத்தான் வைத்துக்கொள்வேன் என்றாள். அலமாரி வரிசை நன்றாக இருக்கிறதாம், காற்றும் வருகிறதாம். இதை உலகு முன்னாலேயே சொன்னாள். உலகுக்குக் காதில் விழவில்லையோ என்று நான் இன்னொரு தரம் எடுத்துச் சொன்னேன்.

"கேட்டுச்சிக்கா" என்றாள்.

ஆடிக்கு முன்னால் பத்திரம் பதிந்துவிடலாம் என்று முடிவாயிற்று.

ஜூலை 8, செவ்வாய்

சங்கரன் பேசினான். பாளையங்கோட்டையில் எனக்கு அறை சொல்லிவிட்டானாம். டிவி உண்டு, டாக்டர் வருவார், வெள்ளிக்கிழமை பஜனை உண்டு. "நீங்கதான் வாணி வீடு வேண்டாம்னுட்டீங்க, இங்க மஸ்கட் வெயிலும் உங்களுக்கு ஒத்துக்காது" என்றான். நல்ல பிள்ளை. என்மேல் அக்கறை இல்லாமலா இவ்வளவு விசாரிக்கிறான்.

பஜனை என்றால் எனக்குத் தலைவலி வரும். அது அவனுக்குத் தெரியாது.

சாயங்காலம் வாணிக்குப் போன் போட்டேன்.

"சொல்லுங்க ஆச்சி."

"ஒங்க வீட்ல கரண்டு போனா லிஃப்ட் நின்னுருமா?"

"இல்ல ஆச்சி, ஜெனரேட்டர் இருக்கு. ஏன் கேட்கறீங்க?"

"சும்மாதான். உலகுக்கு மூட்டுவலி பாரு, அதான்."

"ஆமா ஆச்சி, யோசிச்சுத்தான் வச்சிருக்கேன்" என்றாள். அவ்வளவுதான். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

ஜூலை 9, புதன்

பதிவு வெள்ளிக்கிழமை. சாமான் கட்ட வேண்டும். உலகு தன் துணியெல்லாம் ஒரே பையில் அடக்கிவிட்டாள். என்னுடையது எந்த ஊருக்கு என்று தெரியாமல் எப்படிக் கட்டுவது?

கட்டாமல் உட்கார்ந்திருந்தேன். உலகு என் எதிரே வந்து உட்கார்ந்தாள், மொசைக் தரையில்.

"பேசுங்கக்கா."

"யாருகிட்ட?"

"என்கிட்டப் பேசவா சொல்லுதேன்?" போனை எடுத்து என் கையில் வைத்தாள். ஸ்பீக்கர் போட்டிருந்தது. மணி அடித்தது. வைப்பதற்குள் வாணி எடுத்துவிட்டாள்.

எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

"வாணி, சித்திரையில நான் வேண்டாம்னு சொன்னேன் பாத்தியா. அது வேண்டாம்னு சொன்னது இல்லட்டி."

லைன் போய்விட்டதோ என்று உலகுவைப் பார்த்தேன். இருக்கு என்று தலையாட்டினாள்.

"புரியல ஆச்சி. அப்ப... நீங்களும் இங்க வரீங்களா?"

தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, வருகிறேன் என்று. வாய் என்ன சொல்லிற்று?

"உனக்கு எதுக்கும்மா செரமம்?"

உலகு தலையில் அடித்துக்கொண்டாள். "ஏ யக்கா!" என்று கத்தினாள். "அவ பாங்கில வேலை பாக்குதா! வேண்டாம்னா எழுதிக்கிட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டுருவா!"

"வாரேன்!" என்றேன். "வாரேன், வாரேன். வாணி, வச்சிராத. நான் வாரேன்."

வாணி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று போனில் தெரியவில்லை. "ஆச்சி, நான் அன்னைக்கே ரொம்ப ஆசையாத்தான் கேட்டேன்" என்றாள். "நீங்க வேண்டாம்னதும் உங்களுக்கு என் வீடு பிடிக்கலையோன்னு இருந்துச்சு."

பிள்ளையை இத்தனை நாள் இப்படி நினைக்க விட்டிருக்கிறேன். அதைப் பற்றி மேலே எழுதவில்லை.

ஜூலை 11, வெள்ளி

பத்திரம் பதிந்தாயிற்று. நானும் உலகும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டோம். என் கையெழுத்துத்தான் அழகு. ரிஜிஸ்டர் ஆபீசில் யாரும் அதைச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து, வாணிக்குக் குரலில் சேதி அனுப்பினேன். குடும்ப வாட்ஸ்அப்பிலேயே அனுப்பினேன், எல்லோரும் கேட்கட்டும் என்று. சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"வாணி, ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் ரயிலேறுதோம். ஸ்டேஷனுக்கு வந்திரு. சங்கரா, பாளையங்கோட்டையில வேண்டாம்னு சொல்லிரு, ஒரு தடவ சொன்னாப் போதும். வாணி, நீ போட்ட படத்துல ஒரு கட்டிலுதான் இருக்கு. இன்னொண்ணு வாங்கிப் போடு. ஜன்னல் பக்கம் என் கட்டில். உலகு மொதல்ல சரின்னு சொன்னவதான், இல்லைன்னு சொல்லல. ஆனா நீ மொதல்ல கேட்டது என்னைய. கட்டிலு ரெண்டும் போட்டதும் புதுசா ஒரு படம் எடுத்து இதுலயே போடு. பழையத அழிச்சிரு. 'ஆச்சி சின்னாச்சி ரூம் ரெடி'ன்னு எழுது. ஆச்சிய மொதல்ல எழுது."